தாஹோ ஏரி: ஆழத்தை அறிந்து நீரில் இறங்க ஒரு முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் தாஹோ ஏரிக்கு ஒரு முறையேனும் போகாத குடும்பம் அரிது. காரில் ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவு, சாலையில் நெரிசல் இல்லையென்றால் நான்கு மணி நேரத்துக்குள் சென்று சேர்ந்துவிடலாம். அங்கே போவதற்கு முன் எந்த விடுதியில் தங்குவது, சமையலறை உள்ள வீடு கிடைக்குமா, குழந்தைகளுக்குப் பனியில் விளையாட இடம் உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஏரி எவ்வளவு ஆழம், அந்த ஆழம் நம்மை என்ன செய்யும் என்று மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை. தாஹோவின் நிறம், குளிர், மீன்வளம், படகுச் சட்டங்கள், உயிர் ஆபத்து என அனைத்தும் அதன் ஆழத்தோடு பிணைந்தவை என்பதால், இந்த வழிகாட்டி அங்கிருந்தே தொடங்குகிறது.

முதல் படி: ஏரியின் அமைப்பை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்

தாஹோ ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,897 மீட்டர் உயரத்தில், கலிபோர்னியாவும் நெவாடாவும் சந்திக்கும் எல்லையில் அமைந்திருக்கிறது. பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு கலிபோர்னியாவுக்கும் ஒரு பங்கு நெவாடாவுக்கும் உரியது. வடக்குத் தெற்காக 35 கி.மீ. நீளமும், கிழக்கு மேற்காக 19 கி.மீ. அகலமும், ஏறத்தாழ 495 சதுர கி.மீ. பரப்பும் கொண்டது. அதிகபட்ச ஆழம் 501 மீட்டர். அமெரிக்காவில் இதைவிட ஆழமான ஏரி ஒன்றே உண்டு; அது ஓரிகன் மாநிலத்திலுள்ள 594 மீட்டர் ஆழமான கிரேட்டர் ஏரி. அதிகபட்ச ஆழத்தைவிடத் தாஹோவின் சராசரி ஆழம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது 300 மீட்டருக்கும் சற்றே மேல். நடுவில் எங்கோ ஒரு குழி மட்டும் ஆழமாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம் என்பதை அந்த எண் சொல்லிவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் கரையோரத்து ஆழமற்ற திட்டு முடிந்தவுடன் தரை சட்டென்று சரிந்து இருளுக்குள் இறங்கிவிடுகிறது.

கிரேட்டர் ஏரி ஓர் எரிமலையின் வாய் சரிந்ததால் உருவானது. தாஹோவின் கதை வேறு. 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பூமியின் மேலோடு இழுபட்டு விரிசல் கண்டபோது, மேற்கே சியரா நெவாடா மலைத்தொடரும் கிழக்கே கார்சன் மலைத்தொடரும் உயர, இரண்டுக்கும் நடுவிலிருந்த நிலப்பகுதி கீழே இறங்கியது. வடக்குப் பக்கத்தில் எரிமலைக் குழம்பு வழிந்து இறுகி வழியை அடைக்க, நடுவில் நீர் தேங்கியது. பின்னர் வந்த பனியுகங்களில் பனியாறுகள் மேற்குக் கரையை அரித்துச் செதுக்கின. இன்று எல்லோரும் படமெடுக்கும் எமரால்டு விரிகுடா அவ்வாறு செதுக்கப்பட்டதுதான். அதன் வாய் குறுகலாகவும் ஆழமின்றியும் இருப்பதற்கு, பனியாறு தள்ளிக்கொண்டு வந்து போட்ட கற்குவியலே காரணம்.

ஏரிக்குள் 63 ஓடைகள் பாய்கின்றன. வெளியேறும் ஆறு ஒன்றே ஒன்றுதான். வடமேற்கில் தாஹோ சிட்டி அருகே புறப்படும் டிரக்கி ஆறு ரீனோ நகரைக் கடந்து நெவாடாவின் பாலைநிலத்திலுள்ள பிரமிட் ஏரியில் போய் முடிகிறது. ஆகவே தாஹோவின் நீர் ஆற்று வழியே கடலைச் சேர்வதில்லை. வெளியேறும் வாயிலில் 1913-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு சிறிய அணை இருக்கிறது. அது கட்டுப்படுத்துவது ஏரியின் மேற்பகுதியில் உள்ள சுமார் 1.86 மீட்டர் நீரை மட்டுமே. கடும் வறட்சியில் நீர்மட்டம் இயற்கையான விளிம்புக்குக் கீழே போய்விட்டால் ஆற்றில் நீர் வெளியேறுவது நின்றுவிடும். அப்போதும் ஏரிக்குள் 150 கன கி.மீ. அளவுக்கு நீர் இருக்கும். உள்ளே வரும் ஒரு துளி வெளியேறச் சராசரியாக 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதே கணக்கில், உள்ளே விழும் அழுக்கும் எளிதில் வெளியேறாது.

இந்த நிலத்தின் ஆதிக்குடிகள் வாஷோ மக்கள். அவர்களது மொழியில் ஏரியைக் குறிக்கும் சொல்லே பிறர் நாவில் திரிந்து ‘தாஹோ’ ஆயிற்று. கிழக்குக் கரையிலுள்ள கேவ் ராக் என்னும் பெரும்பாறை அவர்களுக்குப் புனிதமான இடம். அங்கே பாறை ஏறுவதற்கு விதிக்கப்பட்ட தடையை 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் சுரங்கத்தின் வழியே நெடுஞ்சாலை செல்கிறது. கடந்து போகும்போது குழந்தைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: நீலநிறம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை நீர் விரைவாக உறிஞ்சிக்கொள்ள, நீலம் மட்டும் ஆழத்துக்குச் சென்று சிதறி நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. நீர் தெளிவாக இருந்தால்தான் இது நடக்கும். தாஹோவின் தெளிவுக்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு: நீர்பிடிப்புப் பகுதி முழுவதிலும் ஐந்தில் இரண்டு பங்குக்கு நெருங்கிய பரப்பு ஏரியே என்பதால், மழையிலும் பனியிலும் கணிசமான பகுதி மண்ணைத் தொடாமல் நேராக ஏரியில் விழுகிறது. மீதி நீரும் சத்துக் குறைந்த கருங்கல் மண்ணிலும் சதுப்புப் புல்வெளிகளிலும் வடிகட்டப்பட்டு வருகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த சார்லஸ் கோல்ட்மன் முன்னின்று தொடங்கிய ஆய்வில், 1968 முதல் ஒரு வெண்தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தை அளந்து வருகிறார்கள். 1968-இல் அந்த ஆழம் ஆண்டுச் சராசரியாக 31 மீட்டருக்கு மேல் இருந்தது. 2017-இல் 18 மீட்டரளவுக்குச் சுருங்கியது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு ஆண்டு ஏறியும் இறங்கியும் வருகிறதே தவிர, பழைய தெளிவு திரும்பவில்லை. சாலைகளிலிருந்து கழுவப்பட்டு வரும் மிக நுண்ணிய துகள்களும், நீரில் மிதக்கும் பாசியும் முதன்மையான காரணங்கள். 1960-களில் மேல் டிரக்கி ஆற்றின் சதுப்புநிலத்தைத் தோண்டி தாஹோ கீஸ் என்னும் குடியிருப்பையும் கால்வாய்களையும் அமைத்ததன் விளைவாக, இயற்கை தந்த ஒரு பெரிய வடிகட்டி இழக்கப்பட்டது. அந்தக் கால்வாய்களில் இன்றும் நீர்க்களைகள் மண்டிக் கிடக்கின்றன. அதே காலத்தில் விழித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்: 1969-இல் இரு மாநிலங்களுக்கும் பொதுவான தாஹோ மண்டலத் திட்டமிடல் முகமை அமைக்கப்பட்டது, ஊர்களின் கழிவுநீர், சுத்திகரிக்கப்பட்ட பிறகும் ஏரியில் விடப்படாமல், மலைக்கு அப்பால் கொண்டு செல்லப்படுகிறது. இவ்வளவு பணமும் உழைப்பும் செலவிட்டுக் காக்கப்படும் நீர் என்ற நினைவோடு கரையில் கால் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

நீந்துவதுதான் நோக்கம் என்றால் ஜூலை பிற்பகுதி முதல் செப்டம்பர் முதல் வாரங்கள் வரையான காலமே ஏற்றது. அப்போதும் மேற்பரப்பு நீரின் வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும். மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் காற்று இதமாக இருந்தாலும் நீர் 10 டிகிரிக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஒரு மே மாத இறுதியில், வெயிலை நம்பி முழங்கால் வரை இறங்கிய நான், சில நிமிடங்களில் பாதங்கள் மரத்துப்போய்க் கரையேறினேன். கீழே, சுமார் 200 மீட்டருக்கு அப்பால், ஆண்டு முழுவதும் 4 அல்லது 5 டிகிரி குளிர்தான்.

என்னைக் கேட்டால் செப்டம்பரையே பரிந்துரைப்பேன். பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் குறைகிறது. கோடை முழுவதும் சூடேறிய நீர் அதற்குள் முற்றிலும் குளிர்ந்துவிடுவதில்லை. ஒரே கவலை காட்டுத்தீயின் புகை. 2021-இல் கால்டர் தீ தென்கரை நகரான சவுத் லேக் தாஹோ முழுவதையும் காலி செய்ய வைத்தது. ஆகையால் புறப்படும் முன் காற்றுத்தர அளவைப் பார்த்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் சுற்றிலும் மலைகள் பனி மூடிக் கிடக்கும்போதும் ஏரி உறைவதில்லை. மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, கீழிருந்து வேறு நீர் மேலே வருகிறது. இவ்வளவு பெரிய நீர்த்தொகுதி முழுவதும் உறைநிலைக்கு இறங்குவதற்குள் குளிர்காலமே முடிந்துவிடுகிறது. எமரால்டு விரிகுடா போன்ற ஒதுங்கிய பகுதியில் மட்டும் எப்போதாவது பனித்தகடு படியும். பனிச்சறுக்குக்காகப் போகிறவர்கள் டயர் சங்கிலியைக் கட்டாயம் காரில் வைத்திருக்க வேண்டும். 1960 குளிர்கால ஒலிம்பிக் நடந்த பள்ளத்தாக்கு, இன்று பாலிசேட்ஸ் தாஹோ என்ற பெயரில், வடமேற்கே அருகிலேயே இருக்கிறது.

நான்காம் படி: உங்களுக்கு ஏற்ற கரையைத் தெரிவுசெய்யுங்கள்

ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ 116 கி.மீ. நீளமானது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு நாள் முழுவதும் வேண்டும். கடிகாரமுள் சுற்றும் திசையில் சென்றால் ஏரி எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கும். அமெரிக்காவில் வலப்பக்கமாக ஓட்டுவதால், எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் ஓரத்தில் ஒதுங்கலாம்.

சிறு குழந்தைகளுடன் போகிறவர்களுக்குத் தென்கரையின் போப் பீச், பால்டுவின் பீச் ஆகியவையும், வடகரையின் கிங்ஸ் பீச்சும் நல்லவை. அங்கே மணல் நெடுந்தூரம் மெதுவாகச் சரிகிறது. நெவாடா பக்கத்து சேண்ட் ஹார்பர் என் கண்ணுக்கு இந்த ஏரியிலேயே அழகான இடம். பெரிய உருண்டைக் கருங்கற்கள் தெளிந்த நீருக்குள் கிடக்க, நடுவே வெண்மணல் விரிந்திருக்கும். கோடையில் அதன் வாகன நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும். காலை நுழைவுக்கு முன்பதிவும் கேட்கிறார்கள். இன்க்ளைன் வில்லேஜிலிருந்து அங்கு வரை ஏரியை ஒட்டி 5 கி.மீ. அளவுக்கு ஒரு தார்ப்பாதை 2019-இல் திறக்கப்பட்டது. முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் ஏரியை நெருக்கமாகக் காண இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை.

மேற்குக் கரையின் எமரால்டு விரிகுடாவில் ஏரியின் ஒரே தீவான ஃபேனெட் இருக்கிறது. அதன் உச்சியில் தேநீர் அருந்துவதற்காகக் கட்டப்பட்ட சிறு கல்வீட்டின் இடிபாடு நிற்கிறது. பிப்ரவரி முதல் ஜூன் நடுப்பகுதி வரை வாத்துகள் கூடு கட்டும் காலம் என்பதால் தீவில் கால் வைக்க அனுமதி இல்லை. கரையில் 1929-இல் ஸ்காண்டிநேவிய பாணியில் எழுப்பப்பட்ட வைக்கிங்ஸ்ஹோம் மாளிகைக்கு 1.6 கி.மீ. இறங்கிச் செல்லலாம். இறங்குவது எளிது, வெயிலில் திரும்பி ஏறும்போது முழங்கால் வலி உள்ளவர்கள் துன்பப்படுவார்கள். அங்கிருந்து வடக்கே டி. எல். பிளிஸ் மாநிலப் பூங்கா வரை செல்லும் ரூபிகான் நடைபாதை, பாறைச் சரிவில் நீருக்கு நேர் மேலே செல்கிறது. ரூபிகான் முனையில் நின்று கீழே பார்த்தால், கரையோரத்துப் பச்சை நிறம் ஒரே கோட்டில் கருநீலமாக மாறுவதைக் காணலாம். ஆழத்தைக் கண்ணால் காண விரும்புகிறவர் நிற்க வேண்டிய இடம் அது.

ஐந்தாம் படி: நீரில் இறங்கும் முறை

இந்த வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். நம்மில் பலர் கிணற்றிலோ குளத்திலோ நீந்தக் கற்றவர்கள். வெதுவெதுப்பான நீருக்குப் பழகியவர்கள். அந்தத் திறமையை நம்பித் தாஹோவில் குதிப்பது தவறு.

உடல் திடீரெனக் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது, நம் விருப்பமில்லாமலே வாய் திறந்து பெருமூச்சு உள்ளிழுக்கப்படுகிறது. தலை நீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சிலேயே நீர் நுரையீரலுக்குள் போய்விடும். நீர்ப்பாதுகாப்புப் பயிற்சியில் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று நினைவு வைக்கச் சொல்வார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால்கள் சொன்னபடி அசையப் பத்து நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். இவை மிகக் குளிர்ந்த நீருக்கான தோராயமான கணக்குகள். இதிலிருந்து தெரிவது ஒன்று உண்டு: உடல் உறைந்து போவதற்கு வெகு முன்பே மூச்சுத் திணறியோ கை கால் ஓய்ந்தோ மனிதர்கள் மூழ்குகிறார்கள். லைஃப் ஜாக்கெட் அணிந்தவருக்கு அந்த முதல் நிமிடத்தில் முகம் நீருக்கு மேலே நிற்கிறது.

ஆகவே பாறையிலிருந்தோ படகிலிருந்தோ குதிக்காதீர்கள். கரையிலிருந்து நடந்து இறங்குங்கள். முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு கைகளால் நீரை அள்ளிக் கழுத்திலும் முகத்திலும் தெளித்து, மூச்சு சீராகும் வரை நின்றுவிட்டு அதன்பின் நீந்துங்கள். கரைக்கு இணையாக, கால் எட்டும் ஆழத்திலேயே நீந்துங்கள். கீழே மணல் தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக ஆழம் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். தெளிந்த நீரில் பத்து மீட்டர் ஆழத்திலுள்ள கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். காற்றடைத்த மிதவைகளில் குழந்தைகளை அனுப்பவே வேண்டாம். பிற்பகலில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசும். மேற்குக் கரையில் அது நிலத்திலிருந்து ஏரியை நோக்கி வீசுவதால், மிதவை சத்தமில்லாமல் நடு ஏரிக்குத் தள்ளப்படும். யாரேனும் தத்தளித்தால் நீச்சல் தெரிந்தவர் உடனே பின்தொடர்ந்து பாய்வதைவிட, மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு 911-ஐ அழைப்பது மேல்.

ஆறாம் படி: படகும் துடுப்பும்

காயாக்கும், நின்றபடி துடுப்பிடும் பலகையும் பல கரைகளில் வாடகைக்குக் கிடைக்கின்றன. விடியற்காலையில் ஏரி கண்ணாடிபோல் இருக்கும். காலை பதினொரு மணிக்குள் கரை திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். துடுப்புப் பலகையும் சட்டத்தின் கண்ணில் ஒரு படகுதான்; ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் அதில் இருக்க வேண்டும். ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அதை அணிந்தே தீர வேண்டும். பெரியவர்களும் அணிந்துகொள்ளுங்கள். 2025 ஜூன் 21 அன்று திடீரென எழுந்த புயலில், இரண்டு மீட்டருக்கும் உயர்ந்த அலைகளுக்கு நடுவே, டி. எல். பிளிஸ் பூங்கா அருகே ஒரு மோட்டார் படகு கவிழ்ந்து, அதிலிருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். கோடைகாலம், பெரிய படகு, சனிக்கிழமை நண்பகல் தாண்டிய நேரம். எவருக்கும் நேரக்கூடியது அது. இடிமழைக்கு வாய்ப்பு என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்று ஏரிக்குள் செல்ல வேண்டாம்.

சொந்த மோட்டார் படகு கொண்டுவருவோருக்கு 2008 முதல் ஆய்வு கட்டாயம். குவாகா சிப்பி, கோல்டன் சிப்பி போன்ற அயல் உயிர்கள் படகின் அடியிலோ தேங்கிய நீரிலோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், அவற்றை இவ்வளவு ஆழமான ஏரியிலிருந்து அகற்றவே முடியாது. 2024-இல் கோல்டன் சிப்பி சாக்ரமெண்டோ–சான் வாக்கின் கழிமுகத்தில் காணப்பட்டது. அது விரிகுடாப் பகுதிப் படகுகள் வழக்கமாக ஓடும் நீர் என்பதால் விதிகள் இன்னும் கடுமையாயின. கரையிலிருந்து 600 அடிக்குள் மணிக்கு 5 மைலுக்கு மேல் செல்லக் கூடாது. படகு ஓட்டத் தெரியாதவர்கள் நெவாடா பக்கத்து செஃபர் கோவ் என்னும் இடத்திலிருந்து புறப்படும் சுற்றுலாப் படகில் ஏறி எமரால்டு விரிகுடாவைப் பார்த்து வரலாம்.

ஏழாம் படி: மீன்

ஏரியில் மீன்பிடிக்கக் கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரண்டில் ஏதேனும் ஒரு மாநிலத்தின் உரிமம் போதும். ஆழத்தில் மேக்கினா டிரவுட் என்னும் பெரிய மீனும், நடுநீரில் கோகனி சால்மனும் கிடைக்கின்றன. இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. இங்கேயே தோன்றி வளர்ந்த லஹோன்டன் கட்த்ரோட் டிரவுட், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாலும், ஓடைகள் கெட்டதாலும், புதிய மீன்களின் போட்டியாலும் 1930-களின் இறுதிக்குள் ஏரியிலிருந்து மறைந்தது. 1960-களில் மீன்களுக்கு இரையாகட்டும் என்று மைசிஸ் என்னும் சிற்றிறாலை விட்டார்கள். அவை பகலில் மீன்களின் கண்ணுக்கு எட்டாத ஆழத்து இருளுக்கு இறங்கிவிட்டு, இரவில் மேலே வந்து, பாசியைத் தின்று நீரைத் தூய்மையாக்கும் மிகச் சிறிய நீர்ப்பிராணிகளை விழுங்கின. ஆழத்தைக் கணக்கில் கொள்ளாத ஒரு நல்லெண்ணம் ஏரியின் தெளிவையே குறைத்துவிட்டது. பிடிக்கும் ஆர்வம் இல்லாதவர்கள் அக்டோபரில் தென்கரையின் டெய்லர் ஓடைக்குச் செல்லுங்கள். சிவந்த கோகனி மீன்கள் முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவதைக் காணலாம். அவற்றைத் தேடிக் கரடிகளும் வரும். எந்தப் பருவத்திலும் காருக்குள் உணவை விட்டுச் செல்லாதீர்கள். முகாம்களில், கரடிகளால் திறக்க முடியாத இரும்புப் பெட்டிகள் உள்ளன; அவற்றில் வைத்துப் பூட்டுங்கள். எலுமிச்சை சாதமும் புளியோதரையும் கட்டிக்கொண்டு போகிற நமக்கு இது குறிப்பாகப் பொருந்தும்.

எட்டாம் படி: புறப்படும் முன்

கோடை முடிவில் கரையில் கிடக்கும் நெகிழித் துண்டுகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. பழத்தோல், சாதப் பருக்கை உட்பட அனைத்தையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். பாத்திரங்களையும் சோப்புத் தேய்த்த கைகளையும் ஏரியிலோ ஓடையிலோ கழுவ வேண்டாம். அந்தச் சோப்பும் எச்சமும் பாசிக்கு உரமாகும். காயாக், துடுப்பு, நீச்சல் உடை, குழந்தைகளின் மணல் வாளி என நீரில் நனைந்த எல்லாவற்றையும் துடைத்து, உள்ளே தேங்கிய நீரைக் கரையிலேயே வடித்து, வீடு சேர்ந்ததும் வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். அடுத்த வாரம் வேறொரு நீர்த்தேக்கத்துக்கு அதே காயாக்கைக் கொண்டுபோவதாக இருந்தால், அதன் இருக்கைக்கு அடியிலும் துளைகளிலும் கையை விட்டுத் தடவி, ஈரமோ களைத்தண்டோ ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்த பிறகே காரில் ஏற்றுங்கள்.